மிளகாய்த்தூள் பாக்கெட்டில் டில்லி எவ்வளவு, சென்னை எவ்வளவு?

தென்காசியில் பன்னிரண்டு வருடமாகப் பொடி அரைத்து விற்கிறேன். மிளகாய்த்தூள், மல்லித்தூள், பருப்புப்பொடி. எங்களுக்குச் சென்னை ஒரு ராத்திரிப் பயணம். புளியரை தாண்டினால் கேரளா. செவ்வாய்தோறும் எங்கள் வேன் ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும். புதிதாகத் தொழில் தொடங்குகிற பெண்கள் என்னிடம் வந்து, "அக்கா, இது மத்திய அரசு விஷயமா, மாநில அரசு விஷயமா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அப்படியே கேட்டால் பதில் கிடைக்காது. மூன்றாக உடைத்துக் கேளுங்கள்: சட்டம் போட்டது யார், கடைக்கு வந்து பார்ப்பது யார், பணம் யாருக்குப் போகிறது. மூன்றுக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம்.

முதலில் உங்கள் பில்லையே எடுத்துப் பாருங்கள். மிளகாய்த்தூளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மதுரைக் கடைக்குப் பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கு போட்டால், மத்தியக் கணக்கில் 250, மாநிலக் கணக்கில் 250 என்று இரண்டு வரி இருக்கும். அதே சரக்கு கொல்லத்துக்குப் போனால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கிடையேயான ஜிஎஸ்டி) 500 என்று ஒரே வரி. அதை வாங்குவது மத்திய அரசு. மாநிலப் பங்கு பிறகு கேரளாவுக்குப் போகும், தமிழ்நாட்டுக்கு அல்ல. சரக்கு எங்கே செலவாகிறதோ அங்கேதான் வரி என்பது கணக்கு. வாங்குகிறவருக்கு எப்படியும் அதே 500 என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

நான் வழுக்கி விழுந்த இடமும் இதுதான். வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். எனக்கு அப்போது ஆறு லட்சம்கூட இல்லை. தைரியமாகக் கொல்லத்துக்கு இரண்டு மூட்டை அனுப்பிவிட்டேன். ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த 40 லட்சம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்கிறவர்களுக்கு. மாநிலம் தாண்டிப் பொடி விற்றால் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. எனவே ஆர்டர் எடுப்பதற்கு முன்பே எல்லையைப் பற்றி யோசியுங்கள். சரக்கோடு வண்டியில் போக வேண்டிய இ-வே பில்லும் அப்படித்தான்: வெளிமாநிலம் என்றால் 50,000 ரூபாய்க்கு மேல் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல்.

வணிகத்தைப் பற்றிச் சட்டம் போடும் அதிகாரத்துக்கு வேர் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை. எதைப் பற்றி யார் சட்டம் போடலாம் என்று பிரிக்கும் மூன்று பட்டியல்கள் அதில் உண்டு: மத்திய, மாநில, பொது. மாநிலங்களுக்கிடையேயான வணிகம் மத்தியப் பட்டியலில் 42ஆவது இனம் (அதாவது பதிவு). மாநிலத்துக்குள்ளான வணிகம் மாநிலப் பட்டியலில் 26. இதோடு நின்றிருந்தால் சுலபம். ஆனால் உணவுப் பொருள் வணிகத்தை 1954இல் திருத்தம் செய்து பொதுப் பட்டியலின் 33ஆவது இனத்தில் சேர்த்துவிட்டார்கள். பொதுப் பட்டியலில் இரண்டு அரசும் சட்டம் போடலாம். மோதினால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கிய மாநிலச் சட்டத்துக்கு மட்டும் அந்த மாநிலத்துக்குள் விலக்கு உண்டு. 2020 வேளாண் சட்டங்களைப் பாராளுமன்றம் கொண்டுவந்தது இந்த 33ஐக் காட்டித்தான். அடுத்த வருடமே திரும்பப் பெற்றார்கள் என்பது வேறு கதை.

பருப்புப்பொடிக்காகத் துவரம்பருப்பு வாங்கி வைப்பவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2023 ஜூன் 2 அன்று துவரைக்கும் உளுந்துக்கும் மத்திய அரசு இருப்பு உச்சவரம்பு போட்டது. மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். உத்தரவு டில்லியுடையது, சட்டம் 1955ஆம் வருட அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். குடோனை எட்டிப் பார்க்க வருவதோ மாநில அதிகாரிகள்.

அடுத்து, கையில் இருக்கிற ஒவ்வொரு உரிமத்தின் தலைப்பையும் வாசியுங்கள். சட்டத்தின் பெயர் "தமிழ்நாடு" என்று தொடங்கினால் சென்னையில் போட்டது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 அப்படி. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 மத்தியச் சட்டம். ஆனால் மாவட்டத்தில் வந்து மாதிரி எடுப்பவர் மாநில அரசின் உணவுப் பாதுகாப்பு அலுவலர். பாக்கெட்டில் அச்சடிக்கிற 14 இலக்க உணவு உரிம எண் ஒன்றேதான், கொல்லத்துக்கென்று தனியாக வாங்க வேண்டாம். ஆனால் அங்கே போனதும் மாதிரி எடுப்பது கேரள அதிகாரி.

மத்தியச் சட்டத்தின் அதிகாரத்தை மாநிலம் எடுத்துப் பயன்படுத்துவதும் உண்டு. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா தடை அப்படி வந்ததுதான். 2006 சட்டப்படி மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒரு வருடத்துக்குத்தான் தடை போட முடியும் என்பதால் வருடாவருடம் புதுப்பித்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

தராசுக்கு முத்திரை போடுவது இன்னொரு வேடிக்கை. உணவு சம்பந்தப்பட்டதுதானே என்று நான் தராசைத் தூக்கிக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் நின்றேன். எடையளவுச் சட்டம், 2009 மத்தியச் சட்டம். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. யாருக்குத் தோன்றும்? பாக்கெட்டில் எடை, விலை, தயாரிப்பாளர் முகவரி இல்லையென்றால் கேட்க வருவதும் அவர்களே.

சரி, கேரளா நம் பொடியை வேண்டாம் என்று தடுத்துவிட முடியுமா? நாடு முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 301ஆவது பிரிவு. வெளிமாநிலச் சரக்குக்கு மட்டும் கூடுதல் வரி என்று பாகுபாடு காட்ட 304 விடாது. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். தரம் சரியில்லை என்று பிடித்தால் 301ஐக் காட்டிப் பயனில்லை. கலப்படம் கலப்படம்தான். அப்பா மிளகாய் மண்டி நடத்திய காலத்தில் விற்பனை வரிச் சோதனைச்சாவடியில் லாரி ராத்திரி முழுக்க நிற்கும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததும் அவை போயின.

வரி விகிதம் பற்றிய மனுவை உள்ளூர் வரி அலுவலகத்தில் கொடுக்காதீர்கள், அங்கே யாராலும் எதுவும் செய்ய முடியாது. விகிதத்தைப் பேசுவது மத்திய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் சம எடை. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். கூட்டிப் பாருங்கள்: மத்திய அரசு ஒத்துக்கொள்ளாமல் எதுவும் நடக்காது. அதனால் மனுவைச் சங்கத்தின் பெயரில், மாநில நிதியமைச்சருக்கும் மத்திய நிதியமைச்சருக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

கவுன்சில் சொன்னதாலேயே விகிதம் மாறிவிடாது. அதன் பரிந்துரை சட்டமன்றங்களையோ பாராளுமன்றத்தையோ கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில்லில் மாற்ற, அரசின் அறிவிக்கை வந்து அமலாகும் தேதி வேண்டும். 2025 செப்டம்பர் 3 அன்று நெய் 12லிருந்து 5 ஆகும் என்று டிவியில் வந்தது. அமல் 22ஆம் தேதிதான். செங்கோட்டையில் நெய் விற்கும் என் நாத்தனார் அந்தப் பத்தொன்பது நாளும் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் அமல் தேதியை அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேல் தொங்கவிட்டாள்.