மனுவில் ‘தலைவர்’ என்று எழுதும் முன்

தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சியில் மனு கொடுக்கிறீர்களா? ‘பெறுநர்’ இடத்தில் தலைவர் என்று போடாமல் ‘ஆணையர்’ என்று போடுங்கள். மாநகராட்சிக்கும் அதேதான், பேரூராட்சி என்றால் ‘செயல் அலுவலர்’. தமிழ்நாட்டு நகரங்களில் மேயரோ தலைவரோ மன்றத்தை நடத்துபவர். நிர்வாகக் கையெழுத்து அதிகாரியுடையது. தலைவரிடம் கொடுத்த மனுவும் கடைசியில் அந்த மேசைக்குத்தான் போக வேண்டும். வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள், கேட்க ஆள் இருக்கும்.

கிராம ஊராட்சிக்கு இது பொருந்தாது. அங்கே அதே ‘தலைவர்’ என்ற சொல்லுக்கு எடை அதிகம். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி நிர்வாக அதிகாரமும் அவரிடமே. பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காமல் இருந்தால் மட்டும் ‘தனி அலுவலர்’ என்று எழுதுங்கள்.