வனவரின் பணிக்காலப் படங்களைத் தொகுப்பது எப்படி

ஆல்பத்தைப் பிரிக்கும் முன் பணிப்பதிவேட்டின் நகலைக் கையில் எடுங்கள். வனத்துறையில் வனக்காப்பாளராகச் சேர்ந்தது, அதற்கு அடுத்த மேல்பதவியான வனவரானது, வைகை அணையில் பயிற்சி, ஒவ்வொரு சரகத்துக்கும் (ரேஞ்சர் பொறுப்பில் உள்ள வனப்பகுதி) மாறிப்போனது எல்லாம் அதில் தேதியோடு இருக்கும். ஒரு பணியிடத்துக்கு ஒரு காகித உறை வைத்து, அதற்குள் படங்களைப் பிரியுங்கள்.

தேதி எழுதாத படத்தில் முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். ஜீப்பின் எண்ணில் டிஎன்-னுக்கு அடுத்து இரண்டு இலக்கம் வந்தால் படம் 1989-க்குப் பிந்தையது. பலகையில் 'பெரியார் மாவட்டம்' என்றிருந்தால் அந்தப் பலகை 1979-க்கும் 1996-க்கும் இடையில் எழுதியது. அரசுப் பலகையில் 'யானை' இன்றைய வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தையது. தும்பிக்கை வளைந்த பழைய 'னை' இருந்தால் மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பழைய பலகை பல ஆண்டுகள் அப்படியே நின்றிருக்கலாம்.

பசைப் பக்க ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்தால் மூலை கிழியும், படம் வளைந்து மேல்பூச்சு வெடிக்கும். பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, ரம்பம்போல் மெல்ல இழுங்கள். அப்படியும் வரவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை ஒருபோதும் உரிக்க வேண்டாம். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். பிரிண்டுக்கு 600 டிபிஐ, 35 எம்எம் நெகட்டிவுக்கு 3200, இரண்டையும் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்டில் எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். 4பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். வழவழப்பான கலர் பிரிண்டில் பென்சில் பிடிக்காது. விவரத்தை உறையில் எழுதிவிட்டு, அதன்பின் படத்தை உள்ளே வையுங்கள்.

குழுப்படத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். படத்தின் ஸ்கேனை ஏ4 தாளில் அச்சிட்டு, மேலே டிரேசிங் தாள் வைத்துத் தலைகளை மட்டும் வரைந்து எண் போடுங்கள். பிறகு அந்தத் தாளோடு வனவர் பக்கத்தில் உட்காருங்கள். நடுவில் நாற்காலியில் இருக்கும் அதிகாரியின் பெயர் எப்படியும் கிடைக்கும். ஓரத்தில் நிற்கும் பாகன், காவடி (பாகனின் உதவியாளர்), தீத்தடுப்புக் கூலி, வேட்டைத் தடுப்புக் காவலர் ஆகியோரை முதலில் கேளுங்கள். தற்காலிகமாக வேலை பார்த்தவருக்குப் பணிப்பதிவேடு கிடையாது, அவர் அந்தக் காட்டில் உழைத்ததற்கு இந்தப் படமே ஒரே சான்றாக இருக்கக்கூடும். "இவர் யார்?" என்று கேட்டு நினைவு வராவிட்டால் வேலையைக் கேளுங்கள்: அன்று என்ன நட்டீர்கள், எத்தனை மீட்டர் இடைவெளி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? வேலை நினைவுக்கு வந்தால் ஆட்களும் வருவார்கள்.

நடவுப் படங்களைச் சாதாரணமாக ஒதுக்கிவிடாதீர்கள். சரகம், பீட் (ஒரு வனக்காப்பாளர் பொறுப்பில் உள்ள பகுதி), நட்ட ஆண்டு, மர இனம், நின்று எடுத்த இடம் ஆகிய ஐந்தும் இருந்தால், அதே இடத்தில் இன்று நின்று இன்னொரு படம் எடுத்து ஒப்பிடலாம். கோப்பின் பெயரையும் இந்த வரிசையிலேயே வையுங்கள்.

பிடிபட்ட சந்தனக் கட்டைகளோடு குற்றம்சாட்டப்பட்டவரை உட்காரவைத்து எடுத்த படங்களை இணையத்தில் போட வேண்டாம். அவர் குடும்பம் அதே ஊரில் இருக்கும், வழக்கில் அவர் விடுதலையாகியும் இருக்கலாம். கூடு, குகை தெரியும் படங்களுக்கும் இடத்தைக் குறிப்பிடாதீர்கள்.

நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுருளை அன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.