வீட்டை விற்கப் போகிறீர்களா? பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

அம்மா இருந்த வீட்டை விற்பதென்று முடிவானதும் நானும் அண்ணனும் முதலில் செய்த வேலை ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தது. முதல் தப்பும் அதுதான். அடித்து நான்காம் நாள் ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தம்மா ஹால் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார், நானும் கூடவே பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே, புதுப் பெயிண்டின் மீது, டீ தம்ளர் வைத்து எடுத்த தடம் மாதிரி ஒரு பழுப்பு வளையம். "மேலே ஒழுகுதோ?" என்று கேட்டார். ஒழுகலை முந்தின வருடமே சரி செய்தாயிற்று, நிஜமாகவே சரி செய்தாயிற்று. ஆனால் புதுப் பெயிண்டுக்கு அடியிலிருந்து கறை எட்டிப் பார்த்தால் யார் நம்புவார்கள்? மறைக்கத்தான் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் வரிசை மாற்றிச் செய்தோம். அந்த வரிசைதான் கீழே இருக்கிறது. சொந்தக் கையால் நான்கைந்து வார இறுதிகளில் முடிக்கக்கூடிய வேலைகள் மட்டும். சமையலறையை இடித்துக் கட்டுவது, தரை மாற்றுவது எல்லாம் இதில் இல்லை, வேண்டவும் வேண்டாம். வாங்குகிறவர் தன் ரசனைக்கு அதை மறுபடி மாற்றத்தான் போகிறார், உங்கள் காசு வீண்.

1. கையில் ஒரு நோட்டோடு வாசலிலிருந்து உள்ளே வாருங்கள்

எதையும் தொடாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். கேட் கிறீச்சிடுகிறதா, கதவுக் கைப்பிடி ஆடுகிறதா, எந்த ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, எந்த ஜன்னல் முழுதாக மூடவில்லை. பழகிய கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது என்பதால் வீட்டுக்கு அதிகம் வராத ஒருவரையும் கூட நடக்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டியல் 41 வரிகள் வந்தது, அதில் 30க்கு மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு முடிகிற வேலை.

2. தண்ணீர் சம்பந்தப்பட்டதை முதலில் முடியுங்கள்

குழாய் சொட்டினால் வாஷரையோ உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜையோ மாற்றினால் போதும், குழாயையே மாற்றத் தேவையில்லை. கழிவறைத் தொட்டி கசிகிறதா என்று பார்க்க, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் நிறப்பொடியைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் கசிகிறது.

சுவரில் ஓதம் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்த மருந்தையும் வாங்காதீர்கள். அரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஓதம் உள்ள இடத்தில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளி இருந்தால் அறைக்குள் இருக்கும் ஈரம்தான் குளிர்ந்து படிகிறது, அதற்குக் காற்றோட்டம்தான் வைத்தியம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் குளியலறைச் சுவரின் வெளிப்பக்கத்துக்கு இரண்டு முறை நீர்த்தடுப்புப் பூச்சு அடித்த புத்திசாலி நான்.

3. கறை. இங்கேதான் நான் விழுந்தேன்

இப்போது பெரும்பாலும் அடிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கலக்குகிற பெயிண்ட். பழைய நீர்க்கறையின் மேல் அதைப் பூசும்போது அந்தத் தண்ணீரிலேயே கறை கரைகிறது, பெயிண்ட் காயக்காய ஈரத்தோடு சேர்ந்து மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொரு கோட் அடித்தால் போய்விடும் என்று தோன்றும். போகாது, நான் மூன்று கோட் அடித்துப் பார்த்தவன். பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான சாதாரண பிரைமரும் தண்ணீரில் கலப்பதாக இருந்தால் அதே கதைதான்.

செய்ய வேண்டியது இது. ஒழுகல் நின்றதை உறுதி செய்துகொண்டு சுவர் நன்றாகக் காயும்வரை காத்திருங்கள். உரிந்து நிற்கும் பழைய பெயிண்டைத் தகட்டால் சுரண்டுங்கள். பிறகு கறை இருக்கும் இடத்துக்கு மட்டும், கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் வரை, கறையைத் தடுக்கும் எண்ணெய் பிரைமரோ ஷெல்லாக் (அரக்கு) பிரைமரோ அடியுங்கள். வாசனை மண்டையைப் பிளக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம். முழுதாகக் காய்ந்தபின் அதன்மேல் எந்த எமல்ஷனும் அடிக்கலாம். எங்கள் வளையம் அதோடு ஒழிந்தது.

உப்பு பூத்த சுவர் வேறு ஜாதி. வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய் அடுத்த மாதம் திரும்பி வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, பொடியை வாரி வெளியே போடுங்கள். ரொம்பப் பழைய வீடு என்றால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அங்கே உலர்வாக உப்புத்தாள் தேய்க்க வேண்டாம், நனைத்துத் தேய்ப்பதே நல்லது, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பூஞ்சைக் கரும்புள்ளிகளுக்கு பிளீச் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதை ஆசிட்டோடும் அம்மோனியா கலந்த கிளீனரோடும் சேர்க்கவே கூடாது, கிளம்பும் வாயு விஷம்.

4. பட்டியும் பெயிண்டும்

இருட்டியபின் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் தெரியாத குழியும் மேடும் நிழலோடு எழுந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு மறுநாள் அங்கே மட்டும் பட்டி, அதாவது குழியை நிரப்பும் பூச்சு, வையுங்கள். முழுச் சுவருக்கும் பட்டி வைக்கத் தேவையில்லை. காய்ந்தபின் 180ஆம் நம்பர் உப்புத்தாள், கடைசியில் 220.

பெயிண்டில் பளபளப்பு வேண்டாம், மேட் எடுங்கள். பளபளப்பு சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். ஸ்பாஞ்ச் ரோலர் வாங்காதீர்கள், குமிழி விடும். மைக்ரோஃபைபர் ரோலர்தான் என் கட்சி. நிறம் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. உங்களுக்குப் பிடித்த ஒற்றை அடர்நிறச் சுவரை மறந்துவிடுங்கள், நானும் மனசில்லாமல்தான் மறந்தேன்.

மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுதாகக் காய்வதற்குள் சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள், விட்டால் பெயிண்டும் தோலோடு வரும்.

5. சில்லறை வேலைகள்

கீலின் திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், தலை கிள்ளிய தீக்குச்சிகளைப் பசை தடவி ஓட்டையில் திணித்து, காய்ந்தபின் அதே திருகைப் போடுங்கள். மின்விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசு உறைக்குள்ளேயே விழும். பளிங்குத் தரையில் வினிகர், எலுமிச்சை எதுவும் படக்கூடாது, பளபளப்பு போனால் மறுபடி பாலீஷ் போட்டால்தான் திரும்பும். குளியலறை ஓரத்துக் கறுத்த சிலிக்கானைத் தேய்த்துப் பயனில்லை, அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

பாதி அலமாரியைக் காலி செய்யுங்கள். வருகிறவர்கள் அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், கட்டாயம் பார்ப்பார்கள்.

6. போட்டோ

காலையில், திரையை விலக்கி, போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து எடுங்கள். அறையைப் பெரிதாகக் காட்டும் அந்த அகல லென்ஸ் வேண்டாம். பார்த்து ஆசைப்பட்டு வந்தவர் வாசலிலேயே முகம் சுருங்கி நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். கழிவறை மூடியை மூடிவிட்டு எடுங்கள், தயவுசெய்து.

ஒழுகலைப் பற்றி யாராவது கேட்டால் இருந்தது, இன்ன மாதம் சரி செய்தோம் என்று ரசீதோடு சொல்லுங்கள். எங்கள் வீட்டை வாங்கியவரிடம் அவர் கேட்காமலே நான் காட்டினேன், அவர் அந்த ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

பின்சேர்க்கை

இதைப் படித்த மூன்று பேர் ஒரே பிரச்சினையைச் சொன்னார்கள்: எல்லாம் சுத்தம் செய்தும் பூட்டிய வீட்டில் சாக்கடை நாற்றம். ரூம் ஸ்ப்ரே அடித்தும் பார்த்தார்களாம். அடிக்காதீர்கள், எதையோ மறைக்கிறீர்கள் என்றே தோன்றும். தரை வடிகாலுக்கு அடியில் குழாய் வளையும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் நாற்றத்தை மேலே விடாமல் அடைத்து நிற்கிறது. வாரக்கணக்கில் யாரும் புழங்கவில்லை என்றால் அது வற்றிவிடும். வீடு காட்டுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அடிக்கடி போக முடியாதவர்கள் அதன்மேல் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் விட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. சலவை இயந்திரத்துக்கென்று விட்ட வடிகால் ஒன்று மூலையில் இருக்கும், அதை எல்லோரும் மறக்கிறார்கள்.