பழைய பிக்கப்பை வீட்டிலேயே புதுப்பிக்க: முதலில் பிரேக், கடைசியில் பெயிண்ட்

வண்டி வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குப் பழைய பிக்கப்பைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது. அடியில் தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் கேபின், பின்னால் சரக்குத் தொட்டி. மூன்றும் போல்ட் போட்டுத்தான் இணைந்திருக்கும். 1948-இல் வந்த ஃபோர்டு எஃப்-1 ஆகட்டும், 1968-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகட்டும், அமைப்பு இதுதான். நாலு பேர் சேர்ந்து தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டால் பின் ஆக்சில், கமான் பட்டை, பிரேக் குழாய் எல்லாம் சிரமமில்லாமல் கைக்கு எட்டும்.

ஆனால் வீட்டில் ஆரம்பிக்கிற புதுப்பிப்பு வேலைகள் பெரும்பாலும் பாதியில் நிற்பதற்கு ஒரே காரணம்தான்: ஆர்வத்தில் முதல் வாரமே வண்டியை முழுக்கக் கழற்றிவிடுவது. பிறகு ஷெட் முழுவதும் சாமான், எது எங்கே போகும் என்ற குழப்பம், கடைசியில் துணி போட்டு மூடிவிடுவார்கள். ஆகவே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதியைத்தான் கழற்ற வேண்டும். அதை முடித்து மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வண்டி எப்போதும் நாலு சக்கரத்தில் உருளும் நிலையிலேயே இருக்கட்டும்.

படி 1: வாங்கும் முன் அடியில் பாருங்கள்

மேலே உரிந்த பெயிண்ட்டும் கிழிந்த சீட்டும் பெரிய விஷயமே இல்லை. சேஸிஸ்தான் விஷயம். ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய திருப்புளி எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பாருங்கள். சேஸிஸ் இரும்பை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே தின்றுபோன இடம் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். மேல் துரு மட்டும் உதிர்ந்தால் பயமில்லை. திருப்புளி உள்ளே இறங்கினால் அது ஓட்டை.

கமான் பட்டை சேஸிஸோடு சேரும் பிராக்கெட், ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடம், தொட்டிக்கு அடியில் சேறு தங்கும் மூலைகள், இவைதான் முதலில் கெடும். கேபினில் கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, பின்பக்க இரண்டு மூலைகள், கால்மிதிக்கு அடியில் உள்ள தரைத்தகடு ஆகியவற்றைப் பாருங்கள். கேபின் தகட்டை வெட்டி ஒட்டலாம். சேஸிஸ் முறுக்கியிருந்தாலோ பல இடத்தில் ஓட்டையாக இருந்தாலோ முதல் வண்டியாக அதை எடுக்காதீர்கள். சேஸிஸில் அடித்திருக்கும் எண் ஆவணத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 2: தூக்கி நிறுத்துவது

ஜாக்கி என்பது தூக்க மட்டுமே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம்கூடப் போகக் கூடாது. சமமான கான்கிரீட் தரையில், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, எடைக்குத் தகுந்த ஜாக் ஸ்டாண்டில் சேஸிஸை உட்கார வைத்து, கையால் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக் கொடுக்க ஆகாது. எடை தாங்காமல் சொல்லாமலே நொறுங்கும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றும் முன் ஒவ்வொரு இடத்தையும் மொபைலில் படம் எடுங்கள். போல்ட்டும் வாஷரும் இடம்வாரியாகச் சின்னப் பைகளில், மேலே பெயர் எழுதி இருக்கட்டும்.

துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றும் கலை

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தோற்றுப்போகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் வயர் பிரஷ்ஷால் மரையில் உள்ள மண்ணையும் துருவையும் தேய்த்து எடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ஆறு பக்க சாக்கெட் போடுங்கள். பன்னிரண்டு பக்க சாக்கெட் பழைய போல்ட்டின் தலையை உருட்டிவிடும். நேரே அவிழ்க்காமல் முதலில் ஒரு துளி இறுக்குங்கள். துருவின் பிடிப்பு உடைவது அதில்தான். பிறகு கொஞ்சம் அவிழ்த்து, கொஞ்சம் இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். அப்படியும் அசையவில்லையென்றால் நட்டைச் சூடாக்கலாம். நட்டு விரிந்து பிடி விடும். ஆனால் பெட்ரோல் டாங்க், குழாய், ரப்பர் இருக்கும் பக்கத்தில் நெருப்பே கூடாது, அடித்த எண்ணெயையும் துடைத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும். அங்கெல்லாம் கட்டிங் மெஷினும் தீப்பொறி பறக்கவிடும். ஹாக்ஸா பிளேடால் பொறுமையாக அறுத்துப் புது போல்ட் போடுங்கள்.

படி 3: பிரேக்

எஞ்சினை ஓட்டிப் பார்க்க ஆசை இருக்கும். நிற்க முடியாத வண்டி ஓடி என்ன பயன்? வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ரப்பர் பிரேக் ஹோஸ், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர், பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். இரும்புக் குழாயில் துரு குழி விழுந்திருந்தால் அதுவும் மாற வேண்டும்.

பழைய பிரேக் லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரமாக்கித் துடைத்து எடுங்கள். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால்தான் பழையதை முழுவதும் வெளியேற்றச் சொல்கிறோம். சிலிகானால் ஆன டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்கும்போது பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் நிப்பிளை (காற்று வெளியேறும் சின்னத் திருகு) திறந்து, குமிழி வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும்.

படி 4: எஞ்சின்

சாவியைத் திருப்பாதீர்கள். நான் சொல்வது பெட்ரோல் எஞ்சினுக்கு: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கிராங்க் போல்ட்டில் நீளமான ராட்செட் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிச் சில நாள் விட்டு, முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். பலத்தைக் காட்டினால் பிஸ்டன் ரிங் உடையும்.

சுற்ற ஆரம்பித்ததும் ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றுங்கள். டாங்கில் உள்ள பழைய பெட்ரோலை வெளியேற்றுங்கள், அது பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். காலி டாங்க் என்று நினைத்து வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே மிஞ்சிய ஆவி போதும், வெடிக்க. பிறகு எல்லாப் பிளக்கும் கழற்றிய நிலையில், இக்னிஷனைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை) மீட்டர் வைத்துப் பாருங்கள். எல்லாச் சிலிண்டரின் அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ சந்தேகப்படலாம்.

படி 5: துருவும் தகடும்

துருவின் மேல் பட்டி பூசுவது வேலையே அல்ல. தின்றுபோன தகட்டை, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வெட்டி வைக்க வேண்டும். மிக் வெல்டிங் மெஷின் வீட்டு வேலைக்குப் போதும். நீளமாக ஒரே ஓட்டில் பற்றவைத்தால் தகடு சூட்டில் நெளிந்துவிடும். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கத்தில், ஆறவிட்டு நடுவில் இன்னொன்று என்று பொட்டுப் பொட்டாக நிரப்புங்கள். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டே பற்றவையுங்கள், அந்தப் புகை காய்ச்சலையே வரவழைக்கும்.

சின்ன பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையானது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் சலவைச் சோடாவும் கலந்து, பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவோடும், ஒரு வேண்டாத இரும்புத் துண்டைப் பாசிட்டிவோடும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் முக்கி வையுங்கள். துரு தானே இளகி வரும், நல்ல இரும்பு தேயாது. பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், விஷமுள்ள குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

படி 6: வயரிங்

பழைய வண்டியில் விளக்கு மங்குவதும் இண்டிகேட்டர் சண்டித்தனம் செய்வதும் பெரும்பாலும் எர்த் (மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சரியில்லாததால்தான். எர்த் போல்ட் உட்காரும் இடங்களைப் பளபளவென்று தேய்த்து மாட்டிவிட்டு, பிறகு மற்றதைத் தேடுங்கள். உறை வெடித்த வயரை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றுங்கள்.

படி 7: பெயிண்ட்

சுத்தமான இரும்பின் மேல் எபாக்ஸி பிரைமர், தேவையான இடத்தில் மட்டும் மெல்லிய பட்டி, 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக 400-ஆம் எண் வரை தேய்ப்பு. ஹார்டனர் கலக்கும் இரண்டு பாகப் பெயிண்ட்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. சாதாரண முகமூடி அதற்குப் போதாது, வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் தேய்ப்பு வேலையை நீங்கள் முடித்து, ஸ்பிரே அடிப்பதைப் பெயிண்ட் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

முதல் ஓட்டம்

ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், நடை வேகத்தில், பிரேக்கை மட்டும் பலமுறை பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள், டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோய் எது அதிகம் சூடாக இருக்கிறது என்று கவனியுங்கள். கமான் பட்டையின் யூ போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் புதியதே போட்டிருப்பீர்கள். அவை ஓட ஓடக் கொஞ்சம் தளரும். முதல் 100 கிலோமீட்டருக்குள் அவற்றையும் சக்கர நட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) மறுபடி இறுக்கிவிடுங்கள்.