பணம் இருந்தும் விசா கைநழுவுவது ஏன்?

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு காட்ட வேண்டும்?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அந்தப் பணம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, எங்கிருந்து வந்தது? இதையெல்லாம் கேட்பவர்கள் குறைவு. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் விண்ணப்பம்கூட இங்கேதான் அடிபடுகிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி, அதோடு 9 மாதம் வரைக்குமான வாழ்க்கைச் செலவு, இரண்டையும் காட்ட வேண்டும். 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 31 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது.

தொடர்ந்து என்றால் ஒரு நாள்கூடக் குறையாமல். ஒரு மாணவியின் ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்தபோது, 19ஆம் நாள் ஏதோ ஒரு கட்டணம் கட்டியதில் இருப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுநாளே அப்பா பணம் போட்டு நிரப்பிவிட்டார். வீட்டுக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் விதிப்படி நாள் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. முன்பே கண்ணில் பட்டதால் அந்த மாணவி இன்னும் நான்கு வாரம் பொறுத்து விண்ணப்பித்தார். கவனிக்காமல் அனுப்பியிருந்தால் விசாக் கட்டணமும் போய், மறுப்பும் பதிவாகியிருக்கும். பணம் வேறு நாணயத்தில் இருந்தால் விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள். அதனால் சரியாக அந்தத் தொகையை மட்டும் வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் பத்து சதவீதமாவது கூடுதலாக இருக்கட்டும்.

பெயரும் முக்கியம். பிரிட்டனுக்கு மாணவரின் கணக்கோ பெற்றோரின் கணக்கோ செல்லும். பெற்றோரின் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். சித்தப்பாவோ அண்ணனோ எவ்வளவு மனமுவந்து கொடுத்தாலும், அவர்கள் கணக்கில் கிடக்கும் பணம் செல்லாது. கனடாவில் கடந்த 4 மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். போன வாரம் திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகைக்கு விற்பனைப் பத்திரமோ கடன் ஆவணமோ இல்லையென்றால் அது காட்டுவதற்காக மட்டும் கைமாற்றாக வாங்கிப் போட்ட பணமாகத்தான் தெரியும்.

இன்னொரு பெரிய தவறு, விசாவுக்குக் காட்டும் தொகையையே வாழ்வதற்கான பட்ஜெட் என்று நினைப்பது. ஜெர்மனியில் இதன் வலி உடனே தெரியும். முடக்கக் கணக்கில், அதாவது மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டி வைக்கும் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும். ஆனால் கைக்கு வருவது மாதம் 992 யூரோதான், அதுவும் பெரும்பாலும் அங்கே ஒரு வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகு. வீட்டுக்காரரோ அதற்கு முன்பே முன்பணம் கேட்பார். சட்டப்படி அது மூன்று மாத வாடகை வரை போகலாம். கணக்கில் பன்னிரண்டாயிரம் யூரோ இருந்தும் சாவி வாங்கப் பணம் இல்லாமல் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. முதல் ஆறு வாரத்துக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பிரிட்டனில் ஒரு வருட முதுகலைக்குப் போகிறவர் மருத்துவச் சேவைக் கட்டணமாக 1,164 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். பலருடைய திட்டத்தில் இந்த வரியே இருக்காது. அமெரிக்காவுக்கு என்றால் நேர்காணலுக்கு முன் 350 டாலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) கட்டணம், விசாக் கட்டணம் தனி.

சரி, பகுதிநேர வேலை? கனடாவில் படிப்பு நடக்கும்போது வாரம் 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், அமெரிக்காவில் முதல் வருடம் வளாகத்துக்குள் மட்டும் வாரம் 20 மணி நேரம். இது சாப்பாட்டுச் செலவுக்கு உதவும். அடுத்த செமஸ்டர் கட்டணத்தை இதை நம்பி வைக்காதீர்கள், வரம்பை மீறினால் விசாவே போய்விடும்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும். சேர்க்கையைத் தள்ளிப்போடுகிறவர்கள் அந்தத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தொகைகளும் அடிக்கடி மாறுகிறவை, விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

அப்புறம், ஏஜென்ட். "ஸ்டேட்மென்ட்டை நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணம் பிடிபட்டால் கனடா 5 வருடமும் பிரிட்டன் 10 வருடம் வரையும் தடை போடும். தடை விழுவது ஏஜென்ட் மேல் அல்ல, விண்ணப்பித்த பிள்ளையின் மேல். நேர்மையான ஏஜென்ட் என்றாலும், உங்கள் பெயரில் என்னென்ன அனுப்பப்போகிறார் என்று முழுப் பிரதியையும் வாங்கி, அனுப்புவதற்கு முன்பே நீங்களே உட்கார்ந்து படியுங்கள்.