ஸ்கிட் ஸ்டீயர் ஓட்டத்துக்கு எந்த ஒயில்? கான் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கடைக்குப் போய் "ஸ்கிட் ஸ்டீயருக்கு ஒயில் தாங்க அண்ணன்" என்று கேட்டால் அவரும் ஏதோ ஒரு கானை எடுத்துத் தரத்தான் செய்வார், அவரில் பிழை இல்லை. எஞ்சினை விட்டுவிட்டாலும் மண் அள்ளும் அந்தச் சின்ன மெசினின் ஓட்டத்துக்கு மட்டும் பொதுவாக இரண்டு இடங்களில் ஒயில் நிற்கிறது. ஒன்று ஹைட்ரோலிக் டேங்க்: பம்ப் தள்ளும் ஒயில்தான் இடது, வலது மோட்டர்களைச் சுழற்றுகிறது, நடுவில் கிளச்சும் இல்லை கியர் பெட்டியும் இல்லை. மற்றது செயின் கேஸ்: மோட்டரிலிருந்து சில்லுகளுக்குப் போகும் செயின்கள் அதற்குள் ஒயிலில் நனைந்தபடி ஓடும். செயின் இல்லாத மெசின்களும் உண்டு, சில்லுக்குப் பதில் டிராக் (பட்டை) போட்டதென்றால் அதைச் சுழற்றும் கியர் தொகுதியான பைனல் டிரைவ் தனி, அதற்குப் பெரும்பாலும் கியர் ஒயில்.

முதலில் கையேடு. ஜப்பானிலிருந்து வந்த பழைய மெசினில் அது இருக்காது, இருந்தாலும் ஜப்பான் எழுத்தில் இருக்கும். சரி, தகட்டில் உள்ள மொடல், சீரியல் இலக்கங்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அந்த மொடலுக்குரிய ஒயில் அட்டவணையைத் தேடுங்கள்.

அப்புறம் தடிப்பு. ஹைட்ரோலிக் ஒயிலில் 46, 68 என்று இருப்பது 40 பாகை செல்சியஸில் அதன் தடிப்பு, எண் கூடினால் தடிப்பும் கூடும். நம் ஊர் வெயிலில் சீனக்குடாப் பக்கம் நாள் முழுக்க மண் அள்ளும் மெசினில் ஒயில் மெலிந்துபோகும், அதற்காக நாமாகவே தடித்ததை ஊற்றக் கூடாது, அட்டவணையில் வெப்பநிலைக்கு ஏற்ற வரிசை இருக்கும், அதைப் பாருங்கள். சில கம்பனிகள் ஹைட்ரோலிக் டேங்குக்கே 10டபிள்யூ-30 எஞ்சின் ஒயில் கேட்கின்றன. அச்சுப் பிழை என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்.

உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால் மேலே ஊற்றிக் கலக்காமல் முழுதாக இறக்கி, பில்டரையும் மாற்றுங்கள். செலவுதான், ஆனால் பம்ப் விலையைக் கேட்டவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது.

செயின் கேஸைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பல மெசின்களில் இதற்கு 15டபிள்யூ-40 எஞ்சின் ஒயில், சிலவற்றில் ஹைட்ரோலிக் ஒயிலேதான். மட்டமான தரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தூக்கும் மெசின் கையை முழுதாகக் கீழே இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு மட்டம் பார்க்கும் பிளக்கைக் கழற்றுங்கள், ஒயில் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் மோட்டரின் சீல் கசிகிறதா என்று முதலில் பாருங்கள், ஹைட்ரோலிக் ஒயில் அந்த வழியாக இறங்கலாம். பால் நிறமாக இருந்தால் தண்ணீர். மார்கழி மழையில் வெள்ளத்துக்குள் ஓடிய மெசினென்றால் மழை விட்டதும் இதைக் கட்டாயம் திறந்து பாருங்கள், எஞ்சின் ஒயில் தண்ணீரைப் பிரித்து அடியில் விடாமல் தன்னோடு கலந்தே வைத்திருக்கும் என்பதால் அடிப் பிளக்கால் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதாது, முழுவதும் மாற்றத்தான் வேண்டும்.

ஊற்றுமுன் புனலையும் டேங்க் மூடியைச் சுற்றியும் துடையுங்கள். நிலாவெளி மணல் ஒரு சிட்டிகை போனாலும் பம்புக்குள் கீறல் விழும்.