ஓட்டலுக்குள் இருக்கும் அசைவ உணவகத்துக்குப் போகிறீர்களா?

வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ சிறிய, நேர்த்தியான தங்கும் ஓட்டலுக்குள் நடக்கும் அசைவ உணவகத்துக்குக் குடும்பத்துடன் செல்பவர்கள், மெனு அட்டையைப் பிரிக்கும் முன்பே, பிரியாணிக்குத் தம் எப்போது உடைத்தார்கள் என்று பரிமாறுபவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஆம்பூர் முறையில் சீரகச் சம்பாவில் செய்த பிரியாணி, தம் உடைத்த சூட்டில்தான் உதிரி உதிரியாகவும் மணமாகவும் இருக்கும். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அரிசி குழைந்து, கறி நார்நாராகிவிடும். கரி அடுப்பில் சுடும் சாப்ஸ், கபாப் போன்றவற்றுக்கு நேரம் பிடிக்கும் என்பதால், அவற்றை முதலில் சொல்லிவிட்டுப் பிரியாணியைக் கடைசியில் வரவழையுங்கள். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் உண்டா என்றும் கேளுங்கள். புளிப்பும் காரமும் எண்ணெய்ப் பளபளப்புமாக அது தட்டில் இல்லாவிட்டால், நம் பக்கத்துப் பிரியாணி நிறைவடையாது என்பதே என் உறுதியான கருத்து.

பில்லையும் கவனியுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை ஓர் இரவுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் பொதுவாக அது 18 சதவீதம், அங்கே தங்காமல் சாப்பிட மட்டும் வந்தவர்களுக்கும் அதே கணக்குதான். சேவைக் கட்டணம் வேறு. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எனவே அதை நீக்கித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.